தோட்டாப் பெட்டிகளுக்கு முன்னால் நிற்கும் கடைக்காரருக்கு

கேள்வி: ஐயா, டெக்சாஸ் மாநிலத்தில் சான் ஆன்டோனியோவுக்கு வெளியே ஒரு பெட்ரோல் பங்கும் அதை ஒட்டிய கடையும் நடத்தி வருகிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கிரீன் கார்டு கிடைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இரவு பதினொரு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு, வசூல் பணத்தோடு தனியாகக் காருக்கு நடக்க வேண்டும். சென்ற மாதம் அடுத்த தெருக் கடையில் கொள்ளை நடந்தது. அதன் பிறகு, சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்ள சிக் பி365 என்ற சிறிய 9 எம்எம் பிஸ்டல் ஒன்று வாங்கினேன். தோட்டா வாங்கப் போனால்தான் தலை சுற்றுகிறது. துப்பாக்கிக் கடைக்காரர் ஹாலோ பாயின்ட் என்ற குழிமூக்குத் தோட்டா வாங்கச் சொல்கிறார். சுடும் பயிற்சி நடக்கும் ரேஞ்சில் பழகிய நண்பர், அது துப்பாக்கிக்குள் சிக்கிக்கொள்ளும், உருண்டை மூக்குள்ள எஃப்எம்ஜே போதும் என்கிறார். நியூ ஜெர்சியில் எச்-1பி விசாவில் இருக்கும் என் மைத்துனரோ, ஹாலோ பாயின்ட் போரிலேயே தடை செய்யப்பட்டது என்றும், இந்தத் துப்பாக்கியை வாங்கியதே தவறு, பெரிய குண்டு போடும் 45 காலிபர் வாங்கியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். விடுமுறையில் அவர் வரும்போது இருவரும் ரேஞ்சுக்குப் போவதாக இருக்கிறோம். வீட்டில் ஆறு வயதிலும் பத்து வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் எதை வாங்குவது?

— பெயர் வெளியிட வேண்டாம், டெக்சாஸ்

பதில்: அன்புள்ள கடைக்காரருக்கு,

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 124 அல்லது 147 கிரெய்ன் எடையுள்ள ஹாலோ பாயின்ட் வாங்குங்கள். ஃபெடரல் எச்எஸ்டி, ஸ்பியர் கோல்டு டாட் என்ற இரண்டு தயாரிப்புகளில் எது கிடைக்கிறதோ அது போதும். ரேஞ்சில் பழகுவதற்கு மட்டும் எஃப்எம்ஜே. தோட்டாவைத் தேர்ந்தெடுக்க ஒரு மாலைப் பொழுதுக்கு மேல் செலவிடாதீர்கள். கைத்துப்பாக்கி வகுப்பு நடத்தும் எனக்கு, உங்கள் கடிதத்தில் தோட்டாவைவிட அதிகக் கவலை தருவது உங்கள் மைத்துனரோடு ரேஞ்சுக்குப் போகும் திட்டம். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு சொல் விளக்கம். நாம் எல்லாவற்றையும் குண்டு என்றே சொல்லிவிடுகிறோம். பெட்டியில் இருப்பது தோட்டா. பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, உச்சியில் குண்டு என்று நான்கும் சேர்ந்தது. பறந்து போவது குண்டு மட்டும். உங்கள் குழப்பம் முழுவதும் அந்தக் குண்டின் மூக்கைப் பற்றியது. எஃப்எம்ஜே குண்டின் மூக்கு செம்புத் தகடு போர்த்திய உருண்டை. ஹாலோ பாயின்டின் மூக்கில் குழி இருக்கும். ஈரமான தசைக்குள் நுழையும்போது அந்தக் குழிக்குள் அழுத்தம் ஏறி, விளிம்பு பூவிதழ் போல வெளிப்பக்கமாக மடங்கும். ஒன்பது மில்லிமீட்டர் குண்டு பதினான்கு, பதினைந்து மில்லிமீட்டர் வரை விரியும். விரிந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால், குறிவைத்தவரின் முதுகு வழியாக வெளியேறிப் பின்னால் நிற்பவர் மீது பாயும் வாய்ப்பும் குறையும். உங்கள் கடை வாசலை நினைத்துப் பாருங்கள். பெட்ரோல் பம்ப் அருகே எப்போதும் யாராவது ஒரு கார் நின்றிருக்கும், அதற்குள் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். எஃப்எம்ஜே வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் அந்தக் காருக்குள் இருப்பவர்தான்.

உடனே இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஹாலோ பாயின்ட் எதிலும் நின்றுவிடும் என்று நினைத்துவிடுவீர்கள். இங்கே வீடுகளின் உள்சுவர் ஜிப்சம் பலகை. அதில் புகும் ஹாலோ பாயின்டின் குழியில் வெள்ளைத் தூள் அடைத்துக்கொள்ளும். அடைத்த குண்டு விரியாது. எஃப்எம்ஜே போலவே அடுத்த அறைக்கும், அதற்கடுத்த அறைக்கும் போகும். தவறிய குண்டு என்றால் கைத்துப்பாக்கித் தோட்டா எதுவானாலும் சுவரைத் துளைக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குண்டு "பன்னிரண்டு அங்குலம்" புக வேண்டும் என்று துப்பாக்கிக் கடைக்காரர் ஏதோ சொல்லியிருப்பாரே, அது எங்கிருந்து வந்தது? 1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில் எஃப்பிஐ அதிகாரிகளுக்கும் இரண்டு கொள்ளையருக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையிலிருந்து. தொடக்கத்திலேயே ஒரு 9 எம்எம் ஹாலோ பாயின்ட் குண்டு, பிளாட் என்ற கொள்ளையனின் வலது மேல்கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்தது. சொன்னபடி விரிந்தது. இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. அந்தக் காயத்தோடே அவன் சண்டையைத் தொடர்ந்தான். இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். அதன் பிறகுதான் எஃப்பிஐ, தசையின் அடர்த்திக்கு ஏறக்குறைய ஒத்த பத்து சதவீத ஜெலட்டின் கட்டிகளில் சுட்டுப் பார்க்கும் சோதனை முறையை வகுத்தது. வெறும் கட்டி, கனத்த துணி போர்த்திய கட்டி, ஜிப்சம் பலகை, ஒட்டுப்பலகை, இரும்புத் தகடு, கார் கண்ணாடி என்று ஒவ்வொன்றாகச் சுடுவார்கள். குண்டு புகும் ஆழம் பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையவும் கூடாது, பதினெட்டு அங்குலத்தைத் தாண்டவும் கூடாது. மனித உடல் அவ்வளவு தடிமன் இல்லையே என்று வகுப்பில் கேட்பார்கள். எதிரில் இருப்பவன் கையை நீட்டியபடி நிற்பான், பக்கவாட்டில் திரும்பியிருப்பான், குண்டு முதலில் கையைக் கடந்தாக வேண்டும் என்பதுதான் மியாமியில் கற்ற பாடம்.

இதில் துணிச் சோதனைதான் உங்களுக்கு முக்கியம். கார் கண்ணாடியைச் சுட வேண்டிய தேவை போலீஸ்காரருக்கு வரலாம், உங்களுக்கு அநேகமாக வராது. ஒருமுறை மாணவர்களுக்குக் காட்டுவதற்காக, பழைய ஜீன்ஸைக் கிழித்து நான்கு மடிப்பாகக் கட்டியின் முன் தொங்கவிட்டு, மலிவான ஹாலோ பாயின்ட் ஒன்றைச் சுட்டேன். குண்டு கட்டியைத் தாண்டிப் பின்னால் இருந்த மண்மேட்டில் போய்ப் புதைந்தது. தோண்டி எடுத்துப் பார்த்தோம். விரியவே இல்லை. மூக்குக் குழிக்குள் வட்டமாக வெட்டப்பட்ட நீலத் துணி, பாட்டிலில் தக்கை அடைத்த மாதிரி இறுகியிருந்தது. பேனாக்கத்தி முனையால் நெம்பித்தான் எடுக்க முடிந்தது. அடுத்து அதே துணி வழியாக எச்எஸ்டி சுட்டோம். அது இதழ் விரித்து, பதினைந்து அங்குலத்தில் கட்டிக்குள்ளேயே நின்றது. நல்ல தோட்டாவுக்குக் கூடுதலாக நீங்கள் கொடுக்கும் காசு பெரும்பாலும் இந்த ஒரு வித்தியாசத்துக்குத்தான். ஹார்னடி நிறுவனம் அந்தக் குழியை மென்மையான பிளாஸ்டிக் முனையால் நிரப்பி, கிரிட்டிகல் டிஃபன்ஸ் என்று விற்கிறது. அதுவும் துணி அடைக்காமல் இருப்பதற்கான ஏற்பாடுதான், மோசமில்லை.

இனி எடை. கிரெய்ன் என்பது தானிய மணியிலிருந்து வந்த பழைய நிறை அளவு, நம் தட்டார்கள் வைத்திருந்த குன்றிமணி போல. ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 15.4 கிரெய்ன். ஆக 124 கிரெய்ன் என்பது எட்டு கிராம், 147 கிரெய்ன் என்பது ஒன்பதரை கிராம். பறந்து போகும் குண்டின் எடை அவ்வளவுதான். உங்கள் பி365 பிஸ்டலின் குழல் 3.1 அங்குலம்தான். பெட்டியில் அச்சிட்ட வேகம் வழக்கமாக நான்கு அங்குலக் குழலில் அளந்தது, உங்கள் கையில் அது குறையும். ஹாலோ பாயின்ட் விரிவதற்கு வேகம் வேண்டும் என்பதால், குட்டைக் குழலிலும் விரிந்து காட்டிய தோட்டாவாகப் பார்த்து வாங்க வேண்டும். நான் சொன்ன இரண்டும் அந்த வகை. 115 கிரெய்னிலும் நல்லவை உண்டு என்று சண்டைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும்.

பெட்டியில் "+பி" என்று இருந்தால், வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டா என்று பொருள். 9 எம்எம்முக்கு அமெரிக்கத் தர வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, +பிக்கு 38,500. உங்கள் துப்பாக்கியின் கையேடு அனுமதித்தால் போடலாம். நான் உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். உள்ளங்கைக்குள் அடங்கும் துப்பாக்கியில் அது கையை உதறும். முதல் குண்டுக்குப் பின் குறி மேலே எகிறி, மறுபடி இலக்குக்குத் திரும்ப நேரமாகும். புதிதாகப் பழகுபவர்கள் அந்த உதறலுக்குப் பயந்து விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

மைத்துனர் சொல்லும் 45க்கு வருவோம். மியாமிக்குப் பிறகு எஃப்பிஐயும் அப்படித்தான் நினைத்தது. முதலில் 10 எம்எம்முக்கும், பிறகு 40 காலிபருக்கும் போனது. சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து 9 எம்எம்முக்கே திரும்பி வந்தது. இடையில் குண்டின் வடிவமைப்பு முன்னேறிவிட்டது. உதைப்பு குறைவு, மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியில்) அதிகத் தோட்டா, வேகமாகவும் சரியாகவும் சுட முடிகிறது என்பவை அது சொன்ன காரணங்கள். கைத்துப்பாக்கிக் குண்டு பட்டதும் ஆள் தூக்கி எறியப்படுவது சினிமாவில் மட்டும். அப்படி எறியும் விசை இருந்தால், அதே விசை சுடுபவரையும் பின்னால் தள்ள வேண்டும் அல்லவா? வாங்கியதை மாற்ற வேண்டாம்.

போரில் தடை என்பது பாதி உண்மை, அதற்கு நம் நாட்டோடு தொடர்பும் உண்டு. கல்கத்தாவுக்கு அருகே டம் டம் ஆயுதத் தொழிற்சாலையில் 1890களில் ஆங்கிலேயர் செய்த ரைபிள் குண்டில், மூக்கின் ஈயம் உறையில்லாமல் வெளியே தெரியும். இன்றைக்கு விமான நிலையத்தால் தெரிந்த அதே டம் டம். உடலில் எளிதாக விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று 1899இல் ஹேக் நகரில் நாடுகள் அறிவித்ததற்கு அதுதான் பின்னணி. அது நாடுகளுக்கிடையிலான போருக்கு மட்டும். காவல் துறைக்கும் தற்காப்புக்கும் பொருந்தாது. நியூயார்க் நகரக் காவல் துறையே 1990களின் இறுதியில் ஹாலோ பாயின்டுக்கு மாறியது, வழிப்போக்கர் மீது பாய்வதைக் குறைப்பதற்காக. டெக்சாஸில் உங்களுக்குத் தடை இல்லை. ஆனால் மைத்துனர் வாழும் நியூ ஜெர்சியில் நிலைமை வேறு. அங்கே ஹாலோ பாயின்டை வீட்டிலும் ரேஞ்சிலும் வைத்துக்கொள்ள விதிவிலக்குகள் உண்டு, இடுப்பில் வைத்து வெளியே நடமாடுவதற்கு இறுக்கமான கட்டுப்பாடு. அவர் பயந்ததற்குக் காரணம் இருக்கிறது, ஆனால் அது அவர் மாநிலத்துக்குத்தான் பொருந்தும். நீங்கள் அவர் வீட்டுக்குப் போகும்போது துப்பாக்கியைக் கொண்டு போகாதீர்கள். டெக்சாஸ் உரிமத்தை நியூ ஜெர்சி ஏற்பதில்லை.

நண்பர் சொன்ன சிக்கல் பொய்யல்ல, பழைய கதை. உருண்டை மூக்குக்காகவே வடிவமைத்த பழைய பிஸ்டல்களில் குழிமூக்கு, மேகசினிலிருந்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள் ஏறும் சரிவில் முட்டும். இன்றைய துப்பாக்கிகளில் அது அரிது. அரிது என்பதற்காக நம்பிவிடவும் கூடாது. முதலில் எஃப்எம்ஜே இருநூறு சுடுங்கள். அடுத்து, இடுப்பில் வைக்கப்போகும் அதே தோட்டாவில் குறைந்தது ஐம்பது. மேகசினை முழுதாக நிரப்பியும் சுட வேண்டும், ஒரு கையால் பிடித்தும் சுட வேண்டும். ஒன்று சிக்கினாலும் காரணம் தெரியும்வரை அதை இடுப்பில் வைக்கக் கூடாது. தற்காப்புத் தோட்டா பெரும்பாலும் இருபதாகப் பெட்டியில் வரும், அதன் விலைக்கு எஃப்எம்ஜே ஐம்பதோ அதற்கு மேலோ கிடைத்துவிடும். செலவுதான், ஆனால் இந்த ஐம்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். பெட்டியில் "9 எம்எம் லூகர்" அல்லது "9×19" என்று இருக்க வேண்டும். 380 என்ற குட்டைத் தோட்டாவுக்கு "9 எம்எம் ஷார்ட்" என்றும் பெயர் உண்டு. வேறு சாதி, உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது. வீட்டில் மருந்து அடைத்துச் செய்த தோட்டாவை நண்பர் இலவசமாகத் தந்தாலும் இடுப்பில் வைக்காதீர்கள்.

பலர் கவனிக்காத ஒன்று. பிள்ளைகள் இருக்கும் வீடு என்பதால் நீங்கள் இரவில் துப்பாக்கியை வெறுமையாக்கிப் பூட்டி, காலையில் மறுபடி ஏற்றுவீர்கள். ஒவ்வொரு முறையும் மேலே இருக்கும் அதே தோட்டாதான் அறைக்குள் அறைந்து ஏறும். அறையும் ஒவ்வொரு அடியிலும் குண்டு கூட்டுக்குள் மயிரிழை மயிரிழையாக இறங்கும். ஒரு மாணவரின் மேகசினிலிருந்து அப்படி ஒரு தோட்டாவை எடுத்து, பெட்டியிலிருந்து புதிது ஒன்றை எடுத்து, இரண்டையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். பழையது நகத்தின் தடிமன் அளவு குட்டையாக இருந்தது. பித்தளை விளிம்பில் கீறல்கள் வேறு. உள்ளே இடம் குறைந்தால் மருந்து எரியும்போது அழுத்தம் எகிறும், துப்பாக்கி சேதமடையலாம், கையும்தான். ஆகவே இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கிய தோட்டாவை மேலே வைக்காமல் தனி டப்பாவில் போட்டு, அடுத்த முறை ரேஞ்சில் செலவழித்துவிடுங்கள். புதியதோடு ஒப்பிட்டுக் குட்டையாகத் தெரிந்தால் சுடவும் வேண்டாம், ரேஞ்ச் பணியாளரிடம் ஒப்படையுங்கள். இதைவிடச் சுலபம், உறையோடு சேர்த்தே துப்பாக்கியை விரல்ரேகைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவது. ஏற்றி இறக்கும் வேலையே இல்லை. பூட்டு என்பது விருப்பமும் அல்ல. டெக்சாஸில், கவனக்குறைவாக வைத்த தோட்டா ஏற்றிய துப்பாக்கி பதினேழு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டிவிட்டால், வைத்தவர் மேல் குற்றம். உங்கள் பத்து வயதுக்காரருக்கு அலமாரி உயரம் ஒரு பொருட்டல்ல.

இப்போது ரேஞ்ச் திட்டம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இல்லாமல், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். தோட்டாவும்தான், கவனியுங்கள். "என்னுடைய துப்பாக்கி, பத்து நிமிடம் அவர் கையில்" என்பதையும் சட்டம் வைத்திருப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம், கொடுத்த உங்களுக்கும் பங்கு வரும். அவருடைய கிரீன் கார்டு விண்ணப்பம் வரிசையில் நிற்கும் நேரத்தில் இந்த விளையாட்டு எதற்கு? குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டு விதிவிலக்கு உறுதியானால் போகட்டும், இல்லாவிட்டால் அவரை ரேஞ்சுக்குப் பதில் சான் ஆன்டோனியோவின் அலமோ கோட்டையைப் பார்க்க அழைத்துப் போங்கள். உங்களுக்கு, கிரீன் கார்டு இருப்பதால், இந்தத் தடை இல்லை.

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பி, சட்டத் தடை ஏதும் இல்லாதவர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் உரிமம் எடுங்கள் என்பேன். நான்கு முதல் ஆறு மணி நேர வகுப்பு, பிறகு சுடும் தேர்வு. பிள்ளைகளைப் பள்ளியில் விடப் போகிறீர்கள். பள்ளியைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற மத்திய சட்டத்தில், அந்த மாநிலத்தின் உரிமம் பெற்றவருக்கு விலக்கு உண்டு. பள்ளிக் கட்டடத்துக்குள் உரிமம் இருந்தாலும் கொண்டு போகாதீர்கள். தபால் நிலையத்துக்கும் கொண்டு போகக் கூடாது.

பணப்பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவில் சில சூழ்நிலைகளில் சொத்தைக் காக்கவும் கடும் பலத்தைப் பயன்படுத்த டெக்சாஸ் சட்டம் இடம் தருகிறது என்று யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். அதை நம்பிச் சுடாதீர்கள். பையைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். எச்எஸ்டி தோட்டா உங்கள் உயிருக்கு, ஒரு நாள் வசூலுக்கு அல்ல. வசூலைப் பகலிலேயே வங்கியில் கட்டுவதும், பூட்டும் நேரத்தில் இரண்டாவது ஆள் ஒருவரை வைத்துக்கொள்வதும் எந்தத் தோட்டாவையும்விட அதிகப் பாதுகாப்பு தரும். பயிற்சி பெற்ற போலீஸ்காரர்களே நேருக்கு நேர் சண்டையில் சுடும் குண்டுகளில் பெரும்பாலானவை தவறுகின்றன என்று எஃப்பிஐயின் பயிற்சிப் பிரிவே எழுதியிருக்கிறது. ஹாலோ பாயின்டா எஃப்எம்ஜேயா என்பது, பட்ட குண்டைப் பற்றிய கேள்வி மட்டும்.

கடைசியாக, ரேஞ்சுக்குக் கொண்டு போகும் பை. அதற்கென்று ஒரு பையை ஒதுக்கி, அதை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். என்னிடம் படித்த ஒருவர் அதே முதுகுப் பையை ஊருக்கு எடுத்துச் சென்றார். திரும்பும்போது இந்தியாவில் ஒரு விமான நிலையத்தில், பக்கவாட்டு ஜிப்புக்குள் ஒரே ஒரு 9 எம்எம் தோட்டா எக்ஸ்ரேயில் தெரிந்தது. அங்கே உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா வைத்திருந்தாலும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி வழக்கு. தெரிந்து வைத்திருக்கவில்லை என்று நீதிமன்றத்தில் வாதிடலாம், பல வழக்குகள் அப்படி ரத்தாகியும் இருக்கின்றன. ஆனால் அவருடைய விமானம் அன்று அவர் இல்லாமல் கிளம்பியது. நீங்கள் திருநெல்வேலிக்குப் போவதற்கு முந்தைய நாள், எடுத்துச் செல்லும் பைகளை ஒரு வெள்ளை விரிப்பின் மேல் தலைகீழாகக் கவிழ்த்து, ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.